அரசாங்கம் கரைத்த தொந்தி

உடம்பு மெலிய டொக்டர்மார் சொல்வது இரண்டே வழி: நன்றாக மிதி, அளவாகத் தின். 2022இல் இலங்கை அரசாங்கம் இரண்டையும் நாட்டுக்கே எழுதிக் கொடுத்தது. எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? ஓய்வு வயதையும் 65இலிருந்து 60க்கு இறக்கி, டிசெம்பர் 31ஆம் திகதியோடு ஆயிரக்கணக்கான அரச ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இவ்வளவு கரிசனையான வைத்தியர் வேறெங்கும் கிடைக்கமாட்டார்.

மாத்தளைப் பென்ஷன்காரர்களும் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்தெடுத்தார்கள். கண்டிப் பக்கம் பலகடுவ ஏற்றம். அங்கே இறங்கித் தள்ளுவார்கள், கேட்டால், "அதுவும் எக்சர்சைஸ்தானே தம்பி!" அதனால் பெரும்பாலும் அலுவிகாரைப் பக்கம்தான் சவாரி. ஒரு மணிநேர மிதியில் கரைவது ஏறக்குறைய 400 கலோரி. திரும்பும் வழியில் தேங்காய் ரொட்டி இரண்டு, கட்டைச்சம்பல், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ. கணக்கு நேர்!

ஏ9 வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் மெலிவதற்கும் மூலிகை மருந்து விற்கிறார்கள், வெள்ளைக்காரருக்கு. நம்மவருக்கு விலையைக் கேட்டாலே வியர்த்துவிடும். அந்தளவுக்கு அது கைகண்ட மருந்துதான்.

2023 செப்டெம்பரில் கியூஆர் முறை போயிற்று. சைக்கிளில் இப்போது துணி காய்கிறது.

"கொஞ்சம் நகர்த்துங்க, கூட்டணும்" என்கிறார் வீட்டம்மா. சைக்கிளையா, பென்ஷன்காரரையா என்று தெரியவில்லை.