காது கொடுக்காத ஆன்டெனா

கே: ஹாம் ரேடியோக்காரர்கள் ‘லோ பேண்ட்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்களே, எவ்வளவு கீழே இருக்கிறது அது? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: 7, 3.5, 1.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளத்தில் சொன்னால் 40, 80, 160 மீட்டர். நாற்பதில் நம் ஊர் ஆட்கள் காலைக் காபியோடு கூடிப் பேசுகிறார்கள்; அதைப் போய் லோ பேண்ட் என்றால் பழைய கைகள் சிரிப்பார்கள். எண்பது நடுத்தரம். அசல் சரக்கு 160. நம் பக்கத்து மீடியம் வேவ் அலைவரிசைகள் 1602 கிலோஹெர்ட்ஸில் முடிய, கொஞ்சம் தள்ளி 1800-இல் இது தொடங்கும். பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்த பிறகுதான் கடை திறப்பு. தூக்கத்தில் பிரியமுள்ளவர்கள் இருபது மீட்டரிலேயே இருந்துகொள்வது நல்லது.

கே: 160 மீட்டருக்கு டைப்போல் கட்டினால் எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்? (வாசகர், திருச்சி)

ப: உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். அரை அலை டைப்போலின் நீளம் சுமார் 78 மீட்டர். அது தொலைதூரம் பேச வேண்டுமென்றால் உயரமும் அரை அலை இருக்க வேண்டும், அதாவது 82 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர். மேலே இன்னும் மூன்று மாடி எழுப்பத் தேவஸ்தானம் சம்மதித்தால் சொல்லுங்கள்.

சம்மதிக்காத பட்சத்தில் ‘இன்வெர்டட் எல்’. சுமார் 40 மீட்டர் கம்பியை, தென்னையோ கம்பமோ எது வரை போகிறதோ அது வரை செங்குத்தாக ஏற்றி, மிச்சத்தைப் படுக்கையாக இழுத்துவிடுவது. அடியில் தரையோடு தரையாக நாலா பக்கமும் ரேடியல் கம்பிகள். அவை கண்ணில் படாததால் எல்லோரும் அதில்தான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆன்டெனா பாதி, ரேடியல் பாதி என்று நினைத்துக்கொண்டு போடுங்கள். ரேடியல் குறைந்தால் உங்கள் வாட் எல்லாம் மண்புழுவுக்கு வெந்நீர் ஒத்தடம்.

கே: என் சிக்னல் நன்றாக வருகிறதாம். ஐரோப்பாக்காரர்கள் திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிடுகிறார்களாம். எனக்கு இரைச்சல் தவிர ஒன்றும் கேட்பதில்லை. பெரிய லீனியர் ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: வாங்கினால் இன்னும் நிறையப் பேர் கூப்பிடுவார்கள், அவர்களும் உங்களுக்குக் கேட்கமாட்டார்கள். ஹாம் உலகில் இந்த ரகத்துக்கு ‘முதலை’ என்று பெயர்: வாய் பெரிது, காது இல்லை. நூறு வாட்டை நானூறு ஆக்கினால் கூடுவது 6 டெசிபல், எதிர்முனை மீட்டரில் ஒரே ஒரு எஸ் புள்ளி. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கேட்பதற்குச் செலவழியுங்கள்.

இருபது மீட்டரில் ஒரே ஆன்டெனாவில் பேசிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பிடிபட நாளாகும். 1.8 மெகாஹெர்ட்ஸில் வானத்து இடியும் வீட்டுச் சார்ஜரும் போடும் இரைச்சல், உங்கள் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக மிக அதிகம். ஆகவே ஆன்டெனா ‘பலமாக’ வாங்கிக் கொடுப்பதில் லாபமே இல்லை. சிக்னலோடு குப்பையும் அதே பலத்தில் வரும். வேண்டியது ஒரு பக்கம் மட்டும் கேட்டு மற்றப் பக்கங்களுக்குச் செவிடாக இருக்கும் தனி ரிசீவிங் ஆன்டெனா. சிக்னல் 20 டெசிபல் இறங்கி, இரைச்சல் 30 டெசிபல் இறங்கினால் உங்களுக்கு லாபம் 10. எஸ் மீட்டர் முள் படுத்தே கிடக்கும். கிடக்கட்டும், நாம் மீட்டரைக் கேட்பதில்லை.

கே: பேச ஒன்று, கேட்க ஒன்று என்று முதலில் யோசித்த புண்ணியவான் யார்? (ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: ஹாம்களுக்கு அந்த ருசியைக் காட்டியவர் ஹெரால்ட் பெவரேஜ் என்று தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துத் தீவு ஒன்றில் 1893-இல் பிறந்தவர்; 1921-இல் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடிப்பு என்ன என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள்: ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நீளமாக, நேராக ஒரு கம்பி. அவ்வளவுதான்.

அதற்கு அரங்கேற்றம் அதே வருடம் டிசம்பரில், ஸ்காட்லாந்தில். அமெரிக்க அமெச்சூர்களின் சிற்றலை அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று பிப்ரவரியில் ஒரு முறை பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. குறை அனுப்புகிறவரிடமா, கேட்கிறவரிடமா என்று சந்தேகம். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். கேட்பதில் கெட்டிக்காரரான பால் காட்லியை நவம்பரில் கப்பலேற்றி அனுப்பிவைத்தது. அவர் க்ளாஸ்கோ பக்கத்தில் ஆர்ட்ராஸன் என்ற கடற்கரை ஊரில், மழையிலும் குளிரிலும் வயலில் கூடாரம் போட்டார். நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்குப் பெவரேஜ் கம்பியை அமெரிக்காவைப் பார்க்க இழுத்துக் கட்டினார். கேட்டது! கனெக்டிகட் மாநிலத்து 1பிசிஜி நிலையம் அனுப்பிய முழுச் செய்தியே காதில் விழுந்தது. மேலும் இருபதுக்கு மேற்பட்ட அமெரிக்க நிலையங்களும் விழுந்தன. அலைநீளம் 200 மீட்டரை ஒட்டி, கிட்டத்தட்ட இன்றைய ‘டாப் பேண்ட்’, அதாவது நம் 160 மீட்டர் பக்கம்தான்.

1பிசிஜி-யைக் கட்டியவர்களில் எட்வின் ஆம்ஸ்ட்ராங்கும் ஒருவர், பின்னாளில் எஃப்.எம். கொடுத்தவர். ஆக அனுப்பிய பக்கமும் சாமானியப்பட்ட ஆட்கள் இல்லை. ஆனாலும் சரித்திரத்தில் நடுங்கிக்கொண்டு கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்தான் நிற்கிறார். பெவரேஜ் 99 வயது வரை இருந்தார், தன் கம்பியை உலகம் முழுக்கக் காடுமேடெல்லாம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு.

கே: எங்களுக்கு மானாவாரிக் காடு இருக்கிறது. பெவரேஜ் போட்டால் வேலை செய்யுமா? (விவசாயி, அருப்புக்கோட்டை)

ப: செய்யும், ஊரார் பொறாமைப்படுகிற மாதிரி செய்யும். இந்த ஆன்டெனாவுக்கு மட்டும் மோசமான நிலம்தான் ராசி. வறண்ட, பாறை கலந்த மண்ணின் மேல் வரும் ரேடியோ அலை சற்று முன்னால் சாய்ந்து வரும். அந்தச் சாய்வுதான் கம்பியில் மின்சாரத்தைத் தள்ளுகிறது. உப்புத் தண்ணீர் மேல் கட்டினால் சாய்வே இராது, ஆன்டெனாவும் இராது. ராமேஸ்வரத்துக்காரர் மன்னிக்கவும்.

160 முதல் 250 மீட்டர் வரை நீளம். இரண்டரை, மூன்று மீட்டர் உயரம். மாடும் டிராக்டரும் தட்டாமல் போகிற அளவு. கேட்க வேண்டிய திசையில் இருக்கும் நுனியில் 450 ஓம் அளவிலான ரெசிஸ்டர், அங்கிருந்து எர்த் ராடு. உங்கள் வீட்டுப் பக்க நுனியில் ஒன்பதுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர், அதற்கும் தனி எர்த், பிறகு கோஆக்ஸ் கேபிள். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் முன்னும் பின்னும் இரு பக்கமும் கேட்கும். ஐரோப்பாவுக்கு வடமேற்கு, ஜப்பானுக்கு வடகிழக்கு என்று இரண்டு கம்பி போட்டால் குளிர்கால இரவு முழுக்க வேலை இருக்கும்.

நம் பக்கத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் புத்தகத்தை அப்படியே நம்பினால் இது தப்பிவிடும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென் நுனியை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவை ராக்கெட் தளமாக்கியதே அதனால்தான். அந்தக் கோட்டருகே பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாக, வடக்கு தெற்காகப் படுத்திருக்கும். நேர் கிழக்கு மேற்காகப் போகும் செங்குத்துத் துருவ அலைகளை 1.8 மெகாஹெர்ட்ஸில் அயனி மண்டலம் அதிகமாக உறிஞ்சிவிடும். பெவரேஜும் இன்வெர்டட் எல்லின் நிற்கும் பகுதியும் செங்குத்து ரகம். ஆகவே மேற்கு ஆப்பிரிக்கா வரவில்லை என்றால் கம்பியைத் திட்டாதீர்கள். அந்தத் திசைக்குத் தாழ்வான படுக்கை டைப்போலில் ஒரு முறை கேட்டுப்பாருங்கள்.

கே: காடு இருப்பவருக்குச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு இருப்பது அடுக்குமாடியின் மொட்டை மாடி, அதிலும் பாதி துணி காயப்போட! (இல்லத்தரசி, சென்னை)

ப: துணியை நகர்த்த வேண்டாம். செயற்கை நூல் கொடியாக இருந்தால் ஆன்டெனாவுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. உங்களுக்கு ‘ஃப்ளாக்’: சுமார் 9 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரத்தில் நிற்கும் செவ்வகக் கம்பி வளையம். ஒரு முனையில் ரெசிஸ்டர், எதிர்முனையில் டிரான்ஸ்ஃபார்மர். எர்த்தே தேவையில்லை, கான்கிரீட் மாடிக்கு இது பெரிய வசதி. தரை கிடைத்தால் கே9ஏஒய் வளையம் போடலாம்; 1997-இல் வெளிவந்த வடிவம், ஏழரை மீட்டர் கம்பம் ஒன்று போதும், சுவிட்சைத் தட்டினால் திசை மாறும். இரண்டிலும் வருகிற சிக்னல் பூனை மூச்சு அளவுதான். ஃப்ளாக்குக்குக் கண்டிப்பாக ஒரு நல்ல ப்ரீஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

அதற்கும் இடமில்லையா? ஒரு மீட்டர் விட்டமுள்ள சின்ன வளையம், கையால் திருப்புகிற மாதிரி. அது எதை நன்றாகக் கேட்கிறது என்பதைவிட எதைக் கேட்காமல் விடுகிறது என்பதுதான் விசேஷம். திருப்பத் திருப்ப ஓர் இடத்தில் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் காணாமல் போகும்.

கே: இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மின்வாரியத்துக்கு எழுதட்டுமா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சேலம்)

ப: முதலில் உங்கள் வீட்டு மெயினை அணையுங்கள். ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு கேளுங்கள். இரைச்சல் விழுந்துவிட்டால் மின்வாரியம் தப்பித்தது, திருடன் உள்ளே. ஒவ்வொரு எம்.சி.பி.-யாக ஏற்றுங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், யு.பி.எஸ்., சோலார் இன்வெர்ட்டர் என்று ஆட்கள் வரிசையாகப் பிடிபடுவார்கள்.

விழவில்லை என்றால் பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். நிலையம் எதுவும் இல்லாத மேல்கோடியில் முள்ளை வைத்து ரேடியோவை மெல்லத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி இரைச்சலின் மூலத்தைப் பார்க்கும்போது சத்தம் தேய்ந்துபோகும். இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் வெட்டும் இடம் குற்றவாளியின் வீடு. அங்கே போய்ப் புகார் சொல்லாதீர்கள். ஒரு நல்ல சார்ஜரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துப் பழையதைக் கேட்டு வாங்கிவாருங்கள். லோ பேண்டில் இதைவிட மலிவான முன்னேற்றம் கிடையாது.

சார்ஜரை மாற்ற முடியாதபோது ஃபெரைட். கேபிளில் மாட்டுகிற ஒற்றைக் கிளிப் 1.8 மெகாஹெர்ட்ஸில் சாமி கயிறு மாதிரி, மன ஆறுதலுக்கு. 31-ஆம் ரகப் பெரிய வளையத்தில் கேபிளைப் பல சுற்று சுற்ற வேண்டும். ரிசீவிங் ஆன்டெனாவின் கோஆக்ஸுக்கும் இதே வைத்தியம். இல்லாவிட்டால் வீட்டு இரைச்சல் கேபிளின் வெளியுறை மேலேயே நடந்து போய், அமைதியான இடத்தில் கட்டிய ஆன்டெனாவுக்குள் புகுந்துகொள்ளும்.

கே: லட்ச ரூபாய் ரிக் இருந்தால்தான் டாப் பேண்ட் கேட்குமா? (எலெக்ட்ரீஷியன், ஈரோடு)

ப: கேட்பதற்கு இல்லை, தாங்குவதற்குத்தான் பணம். பக்கத்தில் மீடியம் வேவ் நிலையங்கள்; சென்னையில் 720 கிலோஹெர்ட்ஸில் வானொலி நிலையம் 200 கிலோவாட்டுக்குக் கட்டப்பட்டது. அத்தனை பலம் உள்ளே நுழைந்தால் மலிவான எஸ்.டி.ஆர். டாங்கிள் மூச்சடைத்து, இல்லாத நிலையங்களையெல்லாம் காட்டும். 1700-க்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்றை நீங்களே சால்டர் செய்து முன்னால் போடுங்கள். பெரிய ஆன்டெனாவில் கேட்கும்போது ப்ரீஆம்ப்பை அணைத்து, அட்டெனுவேட்டரைப் போடுங்கள். பயமாக இருக்கும், ஆனால் தெளிவாகும்.

வாங்குமுன் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தனி ரிசீவிங் ஆன்டெனாவுக்குத் துளை இருக்கிறதா? நம் ஊரிலும் பிரபலமான ஐகாம் 7300-இன் முதல் மாடலில் கிடையாது. வெளியே ரிலே வைத்துச் சமாளிக்க வேண்டும். கையில் காசு குறைவென்றால் ஹைதராபாத் அஷார் ஃபர்ஹானின் பிட்எக்ஸ் வழியில் நாற்பது மீட்டருக்கு நீங்களே கட்டலாம்.

கே: எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை வந்துவிட்டதே, கம்ப்யூட்டரே கேட்டுக்கொள்ளும். காது எதற்கு? (மென்பொருள் பொறியாளர், ஓசூர்)

ப: இரைச்சலுக்குக் கீழே 20 டெசிபல் வரை தோண்டி எடுக்கும் அதிசயம்தான், மறுக்கவில்லை. 2017-இல் அதை உருவாக்கிய இருவரில் ஜோ டெய்லர் இயற்பியலில் நோபல் வாங்கியவர். ஆனால் உங்கள் இரைச்சல் 15 டெசிபல் கூடுதலாக இருந்தால் அந்த அதிசயத்தில் 15 போயிற்று. கம்ப்யூட்டருக்கும் பெவரேஜ் பிடிக்கும்.

கே: கையில் செல்போன் இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

ப: 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் நிலையத்தோடு போர்ட் பிளேரில் இருந்தபோது சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்த பிறகு அந்தமானிலிருந்து நலம் விசாரிப்புகளைக் கரை சேர்த்தவர்கள் அவர்கள். மற்ற நாட்களில்? பொழுதுபோக்குதான். கிரிக்கெட் பார்ப்பவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

கே: ஐப்பசி இடி மழையில் டாப் பேண்ட் கேட்கலாமா? (மாணவி, கடலூர்)

ப: கேட்கலாம்: வறுகடலை பொரிகிற சத்தம் மட்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வெட்டும் மின்னலும் வந்து சேரும். உங்கள் ஊரிலேயே இடித்தால் கோஆக்ஸைக் கழற்றி நுனியை வீட்டுக்கு வெளியே போட்டுவிட்டுப் புத்தகம் படியுங்கள். மார்கழி, தையில் வடக்கே இரவு நீளம், இங்கே இடி குறைவு. விடியலுக்கு முந்தைய அரை மணி நேரம் தூரத்து நிலையங்கள் திடீரென்று எழும். அலாரத்தை நாலே முக்காலுக்கு வையுங்கள், ஹெட்ஃபோனை மறக்காதீர்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்கு டாப் பேண்டின் அருமை தெரியாது.