நெளுக்குளத்துக் கொட்டிலும் நிலைமின் ஒலிபெருக்கியும்: பின்பக்கத்து ஒலி குறித்து ஓர் ஆராய்ச்சி

நிலைமின் ஒலிபெருக்கியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் நாலு சுவருக்குள் இருந்துகொண்டே எழுதியிருக்கிறார்கள். சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது, திரைச்சீலை தடிப்பமாக இருக்கவேண்டுமா மெல்லிசாக இருக்கவேண்டுமா என்று பக்கம் பக்கமாக வாதாடியவர்களுக்குச் சுவரையே விட்டுவிடலாமே என்று தோன்றவில்லை. வவுனியா நகரை அடுத்த நெளுக்குளத்தில், கல்வீட்டுக்குப் பக்கத்தில் வளவுக்குள் நிற்கிற அரைச்சுவர்க் கிடுகுக் கொட்டிலைவிட இந்த ஒலிபெருக்கிக்குப் பொருத்தமான அறை உலகில் வேறில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்தக் கொட்டிலுக்குள் அப்படியொரு பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இதை எழுதவேண்டும் என்பாருக்கு: சூரியனுக்குப் போய் வந்தா அதன் நிறையைச் சொன்னார்கள்?

முதலில் பொருளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஹன்ரிங்டன் ஊரில் பீற்றர் வோக்கர் என்பவர் 1957இல் விற்பனைக்கு விட்ட குவாட் ஒலிபெருக்கி இந்த இனத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. வழக்கமான ஸ்பீக்கர் பொக்ஸில் ஒரு கடதாசிக் கூம்பு பெட்டிக்குள் இருந்து காற்றை உதைக்கும். இதிலே பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. துளை போட்ட இரண்டு தகடுகள். அவற்றுக்கு நடுவே தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய பிளாஸ்ரிக் படலம், பறைத்தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்தின் தாழ்சுருதிப் பகுதிக்கு ஏறத்தாழ 6000 வோல்ற்று ஏற்றி வைப்பார்கள். தகடுகளுக்குப் பாட்டின் மின்னழுத்தம் போனதும் அவை படலத்தை மாறிமாறி இழுக்கும், தள்ளும். படலத்துக்கு நிறை என்று சொல்ல ஒன்றுமில்லாததால் ஓடென்றால் ஓடும், நில்லென்றால் நிற்கும். வயலின் வில் தந்தியில் படுகிற அந்த முதற் கீறல்வரை கேட்பதற்குக் காரணம் அதுதான். ஐரோப்பாவில் இதைப் பார்த்தவர்கள் அறையைச் சூடாக்கும் கருவியோ என்று நினைப்பதுண்டு. நெளுக்குளத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. தட்டி என்றே நினைப்பார்கள், தவறும் இல்லை.

பெட்டி இல்லாததில்தான் சிக்கல் தொடங்குகிறது. படலம் முன்னுக்குத் தள்ளும் அதே கணத்தில் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே முன்னால் எவ்வளவு பாட்டு வருகிறதோ அவ்வளவு பாட்டு பின்னாலும், குறி மாறி, போகிறது. பக்கவாட்டில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ஒலி எட்டு என்ற அராபிய இலக்கம் போலப் பரவும். பின்னால் ஒரு மீற்றரில் சுவர் இருந்தால், பின்பக்கத்துப் பாட்டு அதில் மோதித் திரும்பி, நேர் ஒலிக்கு 6 மில்லிசெக்கன் பிந்தி வந்து சேரும். காது அதைத் தனிச் சத்தமாக எடுத்துக்கொள்ளாது. நல்ல பாலில் தண்ணீர் கலந்தாற்போல பாட்டின் முகம் மட்டும் வெளிறிப் போகும். இதற்கு மேலைநாட்டார் கண்ட மருந்து, ஒலிபெருக்கி இரண்டையும் இழுத்து அறையின் நடுவில் நிறுத்துவது. நடுவீட்டில் இரண்டு கதவு நிலையில்லாமல் நிற்பதைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பம் எந்த நாட்டிலும் அரிது.

இங்கேதான் வொலஸ் சபீன் நமக்குச் சாட்சிக்கு வருகிறார். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபொக் விரிவுரை மண்டபத்தில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கு மேல் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே இளம் ஆசிரியராக இருந்த சபீன் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிலே சுமந்து வந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்து, விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அந்தச் சுமைகூலியில் பிறந்ததுதான் எதிர்முழக்கச் சூத்திரம். ஒரு பொருள் எவ்வளவு ஒலியைக் குடிக்கிறது என்று சொல்ல அவருக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது திறந்த யன்னல். அதில் போன ஒலி திரும்பி வராது. முழுக் குடியன் அது. மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

இப்போது கொட்டிலை அளப்போம். நீளம் 6 மீற்றர், அகலம் 5, சராசரி உயரம் 3. கொள்ளளவு 90 கன மீற்றர். ஒரு மீற்றர் அரைச்சுவர், அதற்கு மேல் தாவாரம்வரை ஒரு மீற்றர் வெளி. சுற்றளவு 22 மீற்றர் என்பதால் 22 சதுர மீற்றர் திறந்த யன்னல் கிடைக்கிறது. சபீனின் சூத்திரத்தில் போட்டால் எதிர்முழக்கம் 0.66 விநாடி. கிடுகையும் கணக்கில் எடுக்கவேண்டும். தண்ணீரில் ஊறவைத்துப் பின்னிய தென்னோலை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் இடையில் விரல்நுனி நுழையாத ஆயிரம் சந்துகள், ஒவ்வொன்றிலும் அகப்பட்ட காற்று. தாராள மனத்துடன் அதற்கு இன்னும் 10 சதுர மீற்றர் யன்னல் கொடுத்தால் 0.45 விநாடிக்கு இறங்கும். பாட்டுக் கேட்கும் அறைக்கு அறிஞர்கள் விதிக்கும் அளவுக்கு இது கச்சிதம். இதே கொள்ளளவில் பூச்சுப் பூசிய, சீமெந்துத் தரை போட்ட வெறும் அறை நாலு விநாடிக்குக் கிட்ட முழங்கும். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்த 550 சதுர அடி வீடுகள் மழைக்கும் பாம்புக்கும் நல்லவை. ஒலியியலில் கொட்டிலுக்குக் கிட்ட வரா. காலபோக அறுவடைக்குப் பின் கொட்டிலில் அடுக்கும் நெல் மூட்டைகள் சபீனின் மெத்தைகளுக்கு ஈடு என்பதையும் சேர்க்கவேண்டும். ஆனால் அவை நிலையானவை அல்ல. நெல் விலை ஏறினால் மூட்டை போய்விடும், முழக்கம் கூடும். விலை விழுந்தால் மூட்டை தேங்கும், பாட்டு தெளிவாகும். விவசாயியின் நட்டத்தில் இசை செழிக்கும் இந்த விதியைப் பொஸ்ரனில் இருந்துகொண்டு சபீன் கண்டிருக்க முடியாது.

இனி மறுப்புகள். வலுவானது இது: திறந்த யன்னல் வெளியே விடுவது போலவே உள்ளேயும் விடும். குளத்துத் தவளை, மயில், நெல் வெட்டும் மெசின், பக்கத்து வளவு ரிவி எல்லாம் அழையாமல் வரும். உண்மைதான். ஆனால் எதிர்முழக்கமும் வெளிச்சத்தமும் ஒரே சாதிக் குற்றம் அல்ல. எதிர்முழக்கம் பாட்டின் சொந்த நிழல். அதே சுருதியில், அதே சொல்லில் ஒட்டிக்கொண்டு வரும், காதால் உரித்தெடுக்க முடியாது. தவளை வேறு திசையிலிருந்து வேறு பேச்சுப் பேசுகிறது. பல பேர் பேசும் இடத்தில் ஒருவர் குரலை மட்டும் காது பிரித்தெடுப்பதைக் கொலின் செறி 1953இல் ஆராய்ந்து எழுதினார். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தவருக்கு அது முன்பே தெரியும். கோயில் திருவிழாக் கூம்பு ஸ்பீக்கரை மட்டும் இந்த வாதத்தில் சேர்க்கவில்லை. பனையில் கட்டிய கூம்போடு படலம் போட்டி போட முடியாது. மிஞ்சிச் சத்தம் வைத்தால் உள்ளே பொறி தட்டி ஓட்டை விழும். அந்தப் பத்து நாளும் கோயிலில் நிற்பதே முறை.

தாழ்சுருதி பற்றிய மறுப்புக்கு இக்கட்டுரை பாதி தோற்கிறது. 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீற்றர். ஒரு மீற்றர் அகலம்கூட இல்லாத பலகையைச் சுற்றிப் பின்னொலியோடு கலந்து அழிவது அதற்கு நாய் வேலி நுழைவது போல. மூடிய அறை கொஞ்சம் கைகொடுக்கும், கொட்டில் அதுவும் செய்யாது. தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்துதான் ஒலிக்கும். ஈரமும் தூசியும் அடுத்தவை. வாடைக்காற்று மாதங்களில் ஈரம் மின்னேற்றத்தைக் கசியவிடும். சோளகத்தில் பறக்கும் செம்மண்ணை 6000 வோல்ற்று தானே கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். உறை போட்டு மூடி, மாசிப் பனி விலகியபின் திறப்பதே வழி. பல்லிக்கு வழி இல்லை. தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே விழுந்தால் யாருக்குப் பலன் என்று வாக்கியமும் சொல்லவில்லை, திருக்கணிதமும் சொல்லவில்லை.

இத்தனை குறையும் இருக்க, கொட்டிலை விட்டுக்கொடுக்க முடியாததன் காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. வோக்கரின் நிறுவனம் மூல ஒலிக்கு மிக அண்மையில் போவதையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. வன்னியின் மூல ஒலிக்குச் சுவர் எங்கே இருந்தது? முல்லைத்தீவுக் கோவலன் கூத்து ஆடிய வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருந்தது. அண்ணாவியாரின் மத்தளம் ஒருவருக்கு இடப்பக்கம் கேட்டால் எதிரில் இருந்தவருக்கு வலப்பக்கம் கேட்டது. எது சரியான பக்கம் என்று எவரும் சண்டை பிடிக்கவில்லை. நிலைமின் ஒலிபெருக்கிச் சோடியும் அப்படியே. முன்னால் கதிரை போட்டிருப்பவருக்கு வயலின் வலத்தில் என்றால், பின்னால் வேலிக்கு அப்பால் சாய்மனைக் கதிரையில் கிடப்பவருக்கு அது இடத்தில், மேடையில் இருக்கும் பாடகருக்குக் கேட்கிற மாதிரி. ஹன்ரிங்டனில் சுவருக்குப் போய் வீணான அந்தப் பாதி நெளுக்குளத்தில் அடுத்த வளவுக்கு முழுதாகப் போய்ச் சேர்கிறது. அதற்காக அந்த வளவுக்காரர் கறண்ட் பில்லில் பாதி தரவேண்டுமா, அல்லது கேட்கச் சொல்லிக் கேட்காத பாட்டுக்கு அவருக்கே ஏதும் கொடுக்கவேண்டுமா என்பது ஒலியியலுக்குள் அடங்காது. எல்லை வேலி வழக்குகளோடு சேர்த்து மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும்.