வாசிக்காமலே கிட்டார் மேதை ஆவது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரில் பேர் வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாசிப்பது. இதில் விரல் நுனி காய்த்துப்போகும், அக்கம்பக்கத்தார் பகையாவார்கள், பாதி ஆயுள் ஓடிவிடும். இன்னொன்று, பழைய கிட்டார்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளமானோர் இந்த இரண்டாம் வழியில்தான் மேதையாகியிருக்கிறார்கள். கையில் காசிருந்தால் ஒன்றிரண்டு வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அபிப்பிராயத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கீழே உள்ள படிகளை வரிசை தவறாமல் பின்பற்றவும்.

1. ஒரு வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அந்த வருடம் 1959. வேறு எதையும் யோசிக்காதீர்கள். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலை, 1958 முதல் 1960 வரை லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிட்டாரை ‘சன்பர்ஸ்ட்’ வண்ணத்தில் செய்தது. நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகச் சிவப்பு. மொத்தம் சுமார் 1,500தான் இருக்கும். விலை 250 டாலர் அளவில். வாங்கத்தான் ஆளில்லை. 1961இல் அந்த வடிவத்தையே கைகழுவிவிட்டு, இரு கொம்பு வைத்த மெல்லிய கிட்டாருக்குக் கம்பெனி மாறிவிட்டது. அன்று கடையில் தூங்கிய அதே சரக்கு இன்று சில லட்சம் டாலர்.

பேச்சு வரும்போது, “58இன் கழுத்து கொஞ்சம் தடி, 60இன் கழுத்து மெலிசு, 59தான் பதம்” என்று சொல்லுங்கள். மூன்றில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லையே என்று கூச வேண்டாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தொட்டதில்லை.

2. குறையை நிறை என்று சொல்லப் பழகுங்கள்

அந்தக் காலச் சிவப்புச் சாயம் வெயில் தாங்கவில்லை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய கிட்டார்களில் சிவப்பு வெளுத்து மஞ்சள் மட்டும் மிஞ்சியது. கம்பெனி பதறிப்போய் 1960இல் சாயத்தை மாற்றியது. நீங்கள் அந்த வெளுப்பை ‘சாயம் போனது’ என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, உங்களைச் சபையிலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள். அதன் பெயர் ‘லெமன் பர்ஸ்ட்’. இன்னும் வெளுத்துத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் ‘டீ பர்ஸ்ட்’.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் அப்படியே. சுருள் சுற்றிய இயந்திரங்களுக்குச் சரியான எண்ணிக்கையில் நிற்கத் தெரியாது. ஒன்றில் சுற்று கூடும், ஒன்றில் குறையும். காந்தத்திலும் கையில் கிடைத்த ரகத்தைப் போட்டார்கள். கறுப்பு பிளாஸ்டிக் தீர்ந்துபோனபோது, சுருள் சுற்றும் பாபினை வெளிர் நிறத்தில் வார்த்தார்கள். இன்று உலோக மூடியைத் திறந்து பார்க்கும்போது இரண்டு பாபினும் வெளிர் நிறமாக இருந்தால் விலை எகிறும். மூடிபோட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது என்பதை நினைவூட்டாதீர்கள்.

3. காது வேண்டாம், கண் போதும்

அந்த பிக்கப்பை வடிவமைத்தவர் கிப்சன் பொறியாளர் சேத் லவர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்ற வாசகத்தோடு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர். காப்புரிமை 1959இல் கிடைத்தும் 1962 வாக்கில்தான் ஸ்டிக்கரை மாற்றினார்கள். புதிய ஸ்டிக்கரில் ஒரு காப்புரிமை எண் இருந்தது. ஆனால் அது இந்த பிக்கப்பின் எண்ணே இல்லை, கிட்டாரின் வால்பகுதியில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் பாகத்தின் எண்.

மாற்றம் நடந்த நாட்களில் வெளிவந்த பிக்கப்புகளில், பழைய ஸ்டிக்கர் ஒட்டியதும் புதியது ஒட்டியதும் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒன்றே. பழைய ஸ்டிக்கருக்குத்தான் விலை அதிகம். “ரெண்டுக்கும் சத்தம் வேற சார்” என்று கண்ணை மூடியபடி சொல்லிப் பழகுங்கள். ஸ்டிக்கரை மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

4. மரத்தைப் பற்றிப் பேசும்போது பெருமூச்சு விடுங்கள்

பழைய கிட்டார்களின் விரற்பலகை பிரேசில் ரோஸ்வுட். 1992இல் அது சர்வதேச வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் உச்சக் காப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது முறையான காகிதம் இல்லாமல் கிட்டாரோடு எல்லை தாண்டினால் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு முன்பே, 1960களின் நடுவிலிருந்தே, அமெரிக்கக் கம்பெனிகள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறத் தொடங்கியிருந்தன. அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். நம் ஊரில் ஈட்டியில் கட்டில் செய்தால் மூன்று தலைமுறைக்குப் பெருமை பேசுவோம். மேதைகள் சபையிலோ, “ஓ, இந்தியனா?” என்று உதட்டைப் பிதுக்க வேண்டும். தாத்தா கட்டிலில் படுத்துக்கொண்டே பிதுக்கலாம், தப்பில்லை.

5. கிட்டாரைப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள்

விலைக்கு வந்த கிட்டாரை யாராவது மீட்டிப் பார்ப்பதைக் கண்டால் அவர் கத்துக்குட்டி என்று அறிக. மேதையின் கருவி ஸ்க்ரூ டிரைவர். பின்மூடியைக் கழற்றினால் வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் பாகத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். அதில் தயாரான வருடமும் வாரமும் தெரியும். ஈயப்பற்றை யாராவது மறுபடி சூடுபடுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் ஒரு மாதிரி ஒளிரும், பின்னால் பூசியது வேறு மாதிரி தெரியும்.

மறுபூச்சு கண்டுபிடித்தால் விலை ஏறக்குறையப் பாதி. கழுத்து ஒடிந்து ஒட்டியிருந்தாலும் அப்படியே. கிப்சனின் தலைப்பகுதி பின்னால் சாய்ந்திருப்பதால், மல்லாந்து விழுந்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். சன்பர்ஸ்ட் செத்தாலும் வீண்போகாது, யானைக் கதைதான். பிக்கப் தனியே சில ஆயிரம் டாலர், உள்ளே ரோஜா நிறத் துணி வைத்த காலிப் பெட்டி தனியே சில ஆயிரம். தேனீபோல் வரிபோட்ட பழைய கெபாசிட்டர் ஜோடிக்குக்கூட நூற்றுக்கணக்கில் கொடுக்கிறார்கள். டோன் குமிழை முழுக்கத் திறந்துவைத்தால் அந்த கெபாசிட்டருக்குப் பெரிதாக வேலை கிடையாது. இதையும் நினைவூட்டாதீர்கள்.

6. ஒரு முதலாளியைத் திட்டுங்கள்

கிப்சனின் போட்டிக் கம்பெனியான ஃபெண்டரின் ரசிகர்களிடையே மாட்டிக்கொண்டால் 1965ஐ எடுத்துவிடுங்கள். அந்த ஜனவரியில் லியோ ஃபெண்டரின் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் செய்தது தெய்வம், பின் செய்தது விறகு என்பது சித்தாந்தம். மூன்று திருகாணியில் கழுத்தைப் பொருத்திய 1970களின் ஃபெண்டர்களைப் பார்த்து அன்று காறித் துப்பினார்கள். அந்தக் கிட்டார்களுக்கும் வயது ஐம்பது ஆகிவிட்டது. ஆகவே அவையும் இப்போது ‘வின்டேஜ்’. நீங்கள் துப்பியவர்களில் ஒருவராக இருந்தால், அன்றே ரசித்ததாகச் சொல்லிவிடுங்கள்.

7. புதிதாக வாங்கினால் அடிபட்டதாக வாங்குங்கள்

பளபளக்கும் புதுக் கிட்டார் அவமானம். இதற்காகவே ஃபெண்டர் கஸ்டம் ஷாப் 1995இல் ‘ரெலிக்’ ரகத்தைக் கொண்டுவந்தது. புதிதாகச் செய்து, உடனே பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பைத் துருப்பிடிக்க வைத்து, அந்தச் சேவைக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். அயர்லாந்துக் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் தன் 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயின்ட் போவதற்காக முப்பது வருடம் மேடையில் வியர்வை சிந்தினார், பாவம். 2024இல் ஏலம் போய் அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது அந்தக் கிட்டார். உங்களுக்கு வியர்வை செலவு மிச்சம்.

8. வாசிக்கச் சொன்னால்

பதறாதீர்கள். “கம்பி பழசு, மாற்றினால் ஒரிஜினல் போய்விடும்.” “இந்த ஆம்ப்புக்கு இது சேராது.” “பெல்ட் பக்கிள் பட்டால் யார் பொறுப்பு?” மூன்றில் ஒன்று நிச்சயம் காப்பாற்றும்.

9. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுங்கள்

ஒரிஜினல் கெடக் கூடாது என்பதுதான் இந்தச் சபையின் ஒரே வேதம். ஆனால் சபைக்கு அடங்காத கிட்டார் கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். டேவிட் கில்மோர் தன் கறுப்பு ஸ்ட்ராட்டுக்குக் கழுத்தைப் பலமுறை மாற்றினார், உடம்பில் ஓட்டை போட்டார், மரத்தைக் குடைந்து, சுருதியை ஆட்டும் ட்ரெமலோவை வேறாக வைத்தார், பிறகு அதையும் எடுத்தார். 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் மலிவாக அள்ளிவந்த பழைய ஸ்ட்ராட்டுகளில் மூன்றைக் கழற்றி ஒன்றாகக் கோத்தார். உங்கள் புற ஊதா விளக்கு பார்த்தால் அழுதுவிடும். ‘பிளாக்கி’ என்ற அந்த ஒட்டுக் கிட்டார் 2004இல் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலர். பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தமே தலைகீழ். அந்தக் கோளாறு தந்த மூக்கடைத்த நாதத்துக்காகவே அதற்கு ஊரெல்லாம் பேர். பிரையன் மே இன்னும் மோசம். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங்கில் ட்ரெமலோவுமாக அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்து, அதையே வாழ்நாள் முழுக்க வாசிக்கிறார்.

சன்பர்ஸ்ட்டுக்கு விலை ஏற்றிவிட்டவர்களும் இதே கூட்டம்தான். 1960களில் யாரும் சீந்தாத பழைய கிட்டாரை மலிவாக வாங்கி, ஆம்ப்பை அலறவிட்டு, இசைத்தட்டில் பதிந்துவைத்தார்கள். ஆக, நிபந்தனை ஒன்றுதான்: ஓட்டை போடலாம், கழுத்தை மாற்றலாம், பெயின்ட்டை உரிக்கலாம், விலை குறையாது, கூடவும் செய்யும். அதற்கு முன் கிட்டாரை நன்றாக வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு அன்றாடம் சாதகம் தேவைப்படும் என்பதால், அது இந்தக் கையேட்டின் வரம்புக்குள் வராது.