எழுதாத வள்ளல்

நினைவகத்தைக் கட்டி மேய்க்க ஒரு லைப்ரரி எழுதிக் கொடுத்தாரே, அந்த வள்ளலின் புகழை, திருப்பூணித்துறையிலிருந்து தினமும் காக்கநாட்டுக்கு வேலைக்குப் போகும் நாங்கள் பாடாமல் வேறு யார் பாடுவது? ரீட்மீ கோப்பில் ஒரே வரி: ‘மிக வேகமானது.’ அதற்குமேல் ஒரு சொல் எழுதி எங்கள் நேரத்தை அவர் வீணாக்கவில்லை.

கேட்டுப் பெற்ற நினைவகத்தைக் கடைசியில் விடுவிப்பது யார், நாமா லைப்ரரியா? இதைச் சொல்லிவிட்டால் சுவாரசியம் போய்விடாதா? இருவரும் விடுவித்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே முக்தி அடையும். இருவரும் விடாவிட்டால் சர்வர் மெல்ல மெல்ல வீங்கி, சனிக்கிழமை இரவில் சாயும். முந்தைய பதிப்பில் அவரே விடுவித்தார். இந்தப் பதிப்பில் அந்தப் புண்ணியத்தை எங்களுக்குத் தந்துவிட்டார். சேஞ்ச்லாகில் அதற்குப் பெயர் ‘சிறு மேம்பாடுகள்’. ‘ரிலீஸ்’, ‘ரிலீஸ்2’ என இரண்டு ஃபங்ஷன்களும் உண்டு. எதை எப்போது அழைப்பது என்று கேட்பவன் ரசனை கெட்டவன்.

சி மொழிக்காரர்களைப் பாருங்கள், என்ன வாயாடிகள்! நினைவகத்தின் அளவை மாற்றும் ‘ரியலாக்’ ஃபங்ஷனுக்கு அளவாகப் பூஜ்யம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு சில்லறைக் கேள்வி. நினைவகம் விடுவிக்கப்படும் என்றது 1989ஆம் ஆண்டுத் தரம். குனு லிப்சி விடுவித்துவிட்டு வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தருகிறது. ஃப்ரீபிஎஸ்டி ஒரு சிறு துண்டைத் தருகிறது. ஒத்துப்போகவில்லை என்றதும், இது வரையறுக்கப்படாதது என்று சி23 தரத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள். தெரியாததைக்கூட எழுதி வைக்கிற அற்பத்தனம் நம் வள்ளலுக்குக் கிடையாது.

எங்கள் கேரளப் பக்கத்தில் எழுதி விளக்கும் அந்தக் கெட்ட பழக்கம் பழையது. 1501இல் கணித அறிஞர் நீலகண்டர் ‘தந்திரசங்கிரக’த்தில் கணக்கு விதிகளைச் சொல்லிவிட்டு, காரணத்தை விட்டுவிட்டார். எவ்வளவு கம்பீரம்! ஜேஷ்டதேவர் வந்து அதைக் கெடுத்தார். ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி என்று, பை மதிப்பைத் தரும் முடிவிலாத் தொடர் வரைக்கும், மலையாள உரைநடையில் ‘யுக்திபாஷை’ எழுதினார். அதுவும் போதாமல், கொச்சி அரச குடும்பத்து ராமவர்ம மரு தம்புரான் அகிலேசுவர ஐயரோடு சேர்ந்து அதன் கணிதப் பகுதிக்குக் குறிப்புரை எழுதி, 1948இல் திருச்சூரில் அச்சேற்றினார். விளக்கத்துக்கே விளக்கம்! அதனால் வந்த நஷ்டம் என்ன தெரியுமா? படித்தவர்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். ஆலோசனைக் கட்டணம் வாங்க ஒருவருக்கும் வழியில்லாமல் போயிற்று.

நம்மவர் அந்தத் தப்பைச் செய்வாரா? மணிக்கணக்கில் கட்டணம் கட்டி அவரை வீடியோ காலில் பிடித்தோம். “சோர்ஸ் கோட்தான் டாக்குமெண்டேஷன், படித்துக்கொள்ளுங்கள்” என்று அருளினார். படித்தோம். மொத்தக் கோடிலும் ஒரே ஒரு கமெண்ட்: ‘இந்த வரி எதற்கு என்று தெரியவில்லை, எடுத்தால் கிராஷ் ஆகிறது.’ ரகசியத்தைத் தம்மிடமிருந்தே காத்துக்கொள்ளும் இந்த அடக்கம் எத்தனை பேருக்கு வரும்!