டிரில் பேட்டரியின் மெய்க்கீர்த்திகள்: நாட்றம்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னன் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தி பொறிக்கும் வழக்கத்தை முறைப்படுத்தியவன் முதலாம் இராசராசன் என்பது அறிஞர் துணிபு. அவ்வழக்கம் மன்னர்களோடு மறைந்துபோனது என்பது மட்டும் பிழை. நாட்றம்பள்ளி கடைவீதியில் ஏதேனும் ஒரு ஹார்டுவேர் கடையில் ஏறி, கார்ட்லெஸ் டிரில்லின் லோக்கல் பேட்டரி ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்க்க. '48 விஎஃப்', '88 விஎஃப்', '128 விஎஃப்' என்று அது வென்ற நாடுகளெல்லாம் வரிசையாக இருக்கும். அந்த வெற்றிகள் எவ்வளவு உண்மை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்களம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு ஷெட் போடுகிறவர், கதவு மாட்டும் ஆசாரி, ஏசி மாட்டுகிற பையன் என மூவர் வாயிலும் வரும் புலம்பல் ஒன்றே: "மெஷின் நல்லாத்தான் இருக்குது, சார்ஜுதான் நிக்கல." பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் கம்பியில்லா டிரில்லைக் கொண்டுவந்த நாள்முதல் உலகம் முழுவதும் இதுவே நிலை. மோட்டார் நெடுநாள் உழைக்கும். பேட்டரி அதற்கு முன்னே போய்விடும்.

பேட்டரி மட்டும் கேட்டால் கடைக்காரர் சொல்லும் மறுமொழியும் மாறுவதில்லை. "பேட்டரி மட்டும் எதுக்குணா? இன்னும் கொஞ்சம் போட்டா மெஷினே வந்துடும்." இதில் பொய்யில்லை. பெரிய கம்பெனிகளுக்குள் பெரும்பாலும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. மகிடா பேட்டரி பாஷ் மெஷினில் ஏறாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பள்ளம், தனி மேடு. எனவே முதல் டிரில்லை வாங்கும்போதே அடுத்த பத்தாண்டுக்கான பேட்டரியும் யாரிடம் என்று தீர்ந்துவிடுகிறது.

இனி மெய்க்கீர்த்தி. ஒரு லித்தியம் செல்லுக்குப் பெயரளவு 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18. முழுச் சார்ஜில் செல் ஒன்றுக்கு 4.2 ஏறும், அப்போது 21. ஆக 18, 20, 21 என்று மூன்று விதமாக எழுதினாலும் பெட்டிக்குள் தொடராக இருப்பவை அதே ஐந்து செல்கள். டிவால்ட் தன் பேட்டரியை அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்கிறது. இதுவரை உயர்வு நவிற்சி அணி என்று பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான 48-க்குத் தொடரில் பதின்மூன்று செல்லாவது வேண்டும். '48 விஎஃப்' பெட்டியைப் பிரித்தால் தொடரில் பெரும்பாலும் இருப்பவை ஐந்தே. 'எஃப்' என்பதைப் பொருளற்ற அசைநிலையாகக் கொள்வதே உரைமரபுக்குத் தகும்.

கொள்ளளவிலும் இதே கதைதான். 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650 என்ற செல்லில், எவ்வளவு உயர்ந்த கம்பெனியானாலும், 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் அடைக்க முடிகிறது. சந்தையில் அதே அளவு செல் ஒன்றின் மேல் 9,900 என்று அச்சிட்டிருக்கிறார்கள். கடாரம் கொண்டவனுக்காவது கப்பல் இருந்தது.

ஒரிஜினல் பேட்டரிக்கு மாற்றாகச் செல் மாற்றும் மரபு ஒன்றுண்டு. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ செல் வாங்கி, பழைய கூட்டுக்குள் வைத்து நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வது இதன் நெறி. சால்டரிங் கூடாது, அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும். செத்த ஒன்றை மட்டும் மாற்றுவதும் வீண்; பழைய நான்கும் புதியதைத் தங்கள் நிலைக்கு இழுத்துவிடும். ஐந்தையும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக மாற்றிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் சில பாதுகாப்பு போர்டுகள் பூட்டிக்கொண்டு திறக்க மறுப்பதுண்டு. பெட்டி ஒட்டாமல் ஸ்குரூ போட்டிருந்து, போர்டும் உயிரோடிருந்தால், இம்மரபே சிக்கனம் என்பது என் கட்சி.

இடைக்குறிப்பு: சித்திரை வெயிலில் தகர ஷெட்டில் கிடந்த பேட்டரியைச் சார்ஜரில் செருகினால் அது ஏற்காது. லித்தியம் செல்லுக்குப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜர் போய்விட்டதென்று புதிது வாங்குமுன் அரை மணி நேரம் நிழலில் வைத்துப் பார்க்க.

பழையதை என்ன செய்வது என்பதற்கு 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் விடை தருகின்றன: திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. மெய்க்கீர்த்தி இவ்வளவு நீண்டும் தயாரிப்பாளர் பெயரே இல்லாத பெட்டியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே. 18650 செல் 45 முதல் 50 கிராம் எடையுள்ளது. எழுத்தை எப்படியும் அச்சடிக்கலாம், எடையை அச்சடிக்க முடியாது. நாட்றம்பள்ளிக் கடைக்காரர்கள் ஆணி நிறுக்கும் அதே தராசில் பேட்டரியையும் நிறுத்துக் காட்ட வேண்டும். பத்து செல் என்று சொல்லும் பெட்டி, கூட்டோடு சேர்த்தும் அரைக் கிலோ தேறாவிட்டால், வாங்குகிறவர் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.