மீதி 22 எடை எங்கே கண்ணு?

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. நாளைக்கு ஆபீசுல படம் போட்டுக் காட்டோணும்னு ராவெல்லாம் அந்த மிசினைத் தட்டிக்கிட்டிருக்கறே. நான் குறுக்க வரலை. தீனி ஏஜெண்டுக கொண்டாந்து காட்டற படத்தைப் பார்த்தே தலை நரைச்சவன் நான். அதனால படம் போட்டு ஆளை ஏமாத்தறது எப்படின்னு மட்டும் சொல்றேன். யோக்கியமாப் போடறது எப்படிங்கறது உம்பட படிப்புக்கே தெரிஞ்சிருக்கும்.

பழகறதுக்கு நீ எடுத்து வெச்சிருக்கறது சிக்வெயிட்டுன்னு ஒரு பட்டியல். ஆர் மென்பொருளை ஏத்துனாலே கூடவே வந்துருதாம். அந்த ஆர் ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன்னு ரெண்டு பேரு உண்டாக்குனதுன்னு நீதான் சொன்னே. பேருலயே ஜென்டில்மேன் இருக்கறதால மிசின் பொய் சொல்லாது, சரி. சொல்ல வெக்கறவன் நீயில்ல இருக்கறே?

பட்டியல்ல இருக்கறது ஐம்பது கோழிக்குஞ்சு, நாலு விதமான புரதத் தீனி. முதல் தீனிக்கு 20 குஞ்சு, மத்த மூணுக்கும் பத்துப் பத்து. பொறந்த அன்னைக்கு ஒரு எடை, பொறவு ரெண்டு நாளைக்கு ஒருக்கா 20ஆம் நாள் வரைக்கும், கடைசியா 21ஆம் நாள் ஒண்ணு. ஆக, குஞ்சுக்குப் பன்னெண்டு எடை. ஐம்பதையும் பன்னெண்டையும் பெருக்குனா 600 வரோணும். உம்பட மிசின்ல 578 வரிதான் இருக்குது. மீதி 22 எங்க போச்சுன்னு நீ கேக்கலை. கேக்காதே. ஏமாத்தறவனுக்கு அது நல்ல பழக்கம். அப்பறம் வரேன் அதுக்கு.

நேத்து நீ மொதமொதப் போட்ட படம் ஞாபகம் இருக்குதா? கீழே நாள், பக்கத்துல எடை, தீனிக்கு ஒரு கலருன்னு சொல்லி, ஆருக்குள்ள படம் போடற ஜிஜிபிளாட்டுல கோடு இழுக்கற ஜியோம் லைனைத் தட்டுனே. ரம்பப் பல்லாட்ட மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டு நின்னுச்சு. மிசின் கெட்டுப் போச்சுன்னு அதைத் திட்டுனே. அது என்ன பண்ணும்? ஜிஜிபிளாட்டுக்கு நீ கலரை மட்டும் சொன்னா, ஒரே கலருக்காரங்க எல்லாம் ஒரே குடும்பம்னு எடுத்துக்கும். ரெண்டாம் நாள் நிறுத்த இருபது குஞ்சையும் ஒரே குஞ்சுன்னு நெனைச்சுச் செங்குத்தா இணைச்சுப் போட்டு, நாலாம் நாளுக்குத் தாவும். எது எந்தக் குஞ்சோட எடைங்கறதுக்குத் தனியா க்ரூப்புன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். கலர் தீனிக்கு, க்ரூப் குஞ்சுக்கு. இந்த ஒத்தை வார்த்தைக்கு அரை ராத்திரி போச்சு. உங்கப்பன்கிட்டச் சொல்லலை, போ.

சரி, இப்ப ஐம்பது கோடு வந்துருச்சு. பின்னிப் பிணைஞ்சு கெடக்குது, மேனேஜருக்குப் புரியாதுன்னு முகம் சுளிக்கறே. சுளி. அதுதான் நமக்கு வேணும். உடனே ஐம்பதையும் அழிச்சுட்டு, தீனிக்கு ஒரு சராசரிக் கோடு போட்டுரு. மனுசனுக்கு நாலு கோடு போதும். பொறந்தன்னைக்கு எல்லாக் குஞ்சும் 41 கிராம் வாக்குல. 21ஆம் நாள் முதல் தீனி 178, ரெண்டாவது 215, மூணாவது 270, நாலாவது 239. வழவழன்னு இருக்குது பாரு. ரெண்டாவது தீனிக்காரன் 215ன்னு மார் தட்டலாம்.

அந்த ரெண்டாவது தீனியில 24ஆம் நம்பர் குஞ்சு ஒண்ணு இருக்குது. ஆறாம் நாள் 74 கிராம். 21ஆம் நாளும் 74 கிராம். பதினஞ்சு நாள் தின்னுபோட்டு ஒரு கிராம் ஏறலை. அதே தீனியைத் தின்ன 21ஆம் நம்பர் 331 கிராம். ரெண்டையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி, மேல 215ன்னு எழுதியாச்சு. என்னைக் கேட்டா, ஐம்பது கோட்டையும் வெளிறுன சாம்பல் நிறத்துல போட்டு, அதுக்கு மேல தடியா நாலு கோடு இழுப்பேன். தீனிக்கு ஒரு கட்டம்னு ஃபேசட் ரேப்புல பிரிச்சு வெப்பேன். ஆனா நான் பட்டிக்காட்டான், எம்பட பேச்சை எதுக்கு எடுக்கறே?

கட்டம் பிரிக்கறதுலயும் வித்தை இருக்குது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எடை அளவுகோலை அதது இஷ்டத்துக்கு விட்டுரு, ஸ்கேல்ஸ்ல ஃப்ரீன்னு ஒரு சொல்லுத்தான். 305ல நிக்கற குஞ்சும் 373ல நிக்கற குஞ்சும் அவுங்கவுங்க கட்டத்துல கூரையைத் தொட்டுக்கிட்டு நிக்கும். நாலு தீனியும் அண்ணன் தம்பி மாதிரித் தெரியும். எந்த ஏஜெண்டும் கோவிச்சுக்க மாட்டான்.

ஜியோம் ஸ்மூத் போட்டியா? ஆயிரம் புள்ளிக்குக் கம்மியா இருந்தா அதுவே லோயெஸ் வளைவைப் போட்டுக்குது, பக்கத்துல சாம்பல் பட்டையும் விரிக்குது. 95 சதம்னு சொல்லி மேனேஜரை மயக்கலாம். பட்டை எதனால இத்தனை ஒல்லியா இருக்குதுன்னு மட்டும் அவரு கேக்கக் கூடாது. ஏன்னா அந்தக் கணக்கு 578 எடையையும் 578 தனிச் சாட்சின்னு எண்ணிக்கிட்டிருக்குது. ஒரே குஞ்சு பன்னெண்டு தடவை தராசுல ஏறுனா பன்னெண்டு சாட்சி ஆயிருமா? குஞ்சுக்குக் குஞ்சு இருக்கற வித்தியாசத்தையும் பார்க்கற மிக்ஸட் மாடல்னு ஒண்ணு உண்டுன்னு நீதான் போன மாசம் கதை வுட்டே. கதையோட நிறுத்திக்கிட்டே போல.

இன்னொண்ணு சொல்றேன், இது ஏஜெண்டுக பரம்பரைச் சொத்து. படத்தை எந்த நாளோட வெட்டறதுங்கறது. பன்னெண்டாம் நாளோட நிறுத்திட்டா நாலாவது தீனி 151, மூணாவது 144. நாலாவதுதான் ராசா. 21 வரைக்கும் விட்டா மூணாவது முந்திருது. உனக்கு எந்தக் கம்பெனி பிரியாணி வாங்கித் தருதோ, அதைப் பார்த்துக் கத்தரியை வெய்யி. நாளை எண்ணா வெக்காம ஃபேக்டரா, அதாவது வெறும் பேரா மாத்துனா அதுலயும் ஒரு சில்லறை லாபம் உண்டு. 20க்கும் 21க்கும் நடுவுல ஒரே நாள்தான், படத்துல ரெண்டு நாள் தூரம் நிக்கும். கடைசியில எல்லாக் குஞ்சும் சோர்ந்து போனாப்புல இருக்கும்.

இப்ப அந்த 22 எடைக்கு வரேன். முதல் தீனியில 18ஆம் நம்பர் குஞ்சு ரெண்டாம் நாள் 35 கிராம், அதோட சரி, பட்டியல்ல அப்பறம் ஆளைக் காணோம். 16ஆம் நம்பர் பன்னெண்டாம் நாளோட, 15ஆம் நம்பர் பதினாலோட. எட்டாம் நம்பர் 18ஆம் நாள் 134 இருந்து 20ஆம் நாள் 125க்கு இறங்குச்சு, அடுத்த நாள் தராசுக்கு வரவேயில்லை. நாலாவது தீனியில 44ஆம் நம்பர் பதினெட்டாம் நாளோட போச்சு. பூனை தூக்குச்சா, சீக்கு வந்துச்சான்னு பட்டியல்ல ஒரு சொல்லும் கிடையாது. அஞ்சு குஞ்சு விட்டுட்டுப் போன இடத்தைக் கூட்டிப் பாரு, சரியா 22 வரும்.

போனதெல்லாம் நோஞ்சான் குஞ்சு, கவனி. நோஞ்சான் போகப் போக முதல் தீனியோட சராசரி தானா மேல ஏறும். 20ஆம் நாள் 17 குஞ்சுக்கு 170 சொச்சம் கிராம், 21ஆம் நாள் 16 குஞ்சுக்கு 178க்குக் கொஞ்சம் கம்மி. ஏறுன ஏழு சொச்சம் கிராமுல கிட்டத்தட்ட மூணு கிராம், எட்டாம் நம்பர் காணாமப் போனதால வந்தது. தின்னதால வந்தது இல்லை. சாகச் சாகக் கோடு நிமிருது. இந்த மாதிரித் தீனி கிடைச்சா எந்த ஏஜெண்டுக்குத்தான் கசக்கும்? நீ ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை குஞ்சு மிச்சம்னு கோட்டுக்குக் கீழ பொடி எழுத்துல போட்டுட்டா வித்தை கெட்டுப் போகும். ஜிஜிபிளாட்டுல ரெண்டு வரி வேலைதான். அதனால போடாதே.

ஏங்கண்ணு சிரிக்கறே? எல்லாத்தையும் திருப்பிப் போட்டுச் செஞ்சுட்டியா? குஞ்சுக்கு ஒரு கோடு, தீனிக்கு ஒரு கட்டம், ஒரே அளவுகோல், கீழ எண்ணிக்கை... அட, 24ஆம் நம்பர் படுத்துக் கெடக்கறது இங்கிருந்தே தெரியுதே. சரி, அப்ப மூணாவது தீனிதான் எச்சுங்கறே.

பல்லடத்துப் பக்கம் பண்ணை வெச்சிருக்கறவன் ஒருத்தன்கிட்ட இந்தப் படத்தைக் காட்டு. குஞ்சு எத்தனை ஏறுச்சுன்னு கேக்க மாட்டான். ஒரு கிலோ ஏற எத்தனை கிலோ தீனி தின்னுச்சு, எஃப்.சி.ஆர். என்னன்னு கேப்பான். உம்பட பட்டியல்ல எடை, நாள், குஞ்சு, தீனின்னு நாலு பத்திதான் இருக்குது. எத்தனை தின்னுச்சுன்னு இல்லை. மூட்டை என்ன விலைன்னும் இல்லை.

அப்ப இத்தனை கோடு இழுத்தும், எந்த மூட்டையை வாங்கறதுன்னு நான் மறுபடியும் அந்த ஏஜெண்டுகிட்டயே போயிக் கேக்கோணுமா கண்ணு?