முழங்கால் யாருடையது?

கே: 74 வயது அம்மாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். பிள்ளைகள் மூவரும் சரி என்கிறோம். அம்மா மட்டும் தயங்குகிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– திருச்சி வாசகர்

ப: மூன்று ஓட்டு வாங்கியும் நீங்கள் ஜெயிக்கவில்லை, முழங்கால் அம்மாவுடையது. எதற்குத் தயங்குகிறார் என்று கேளுங்கள். வலியா, செலவா, படுத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள் என்ற கவலையா? பதில் தெரிந்த பிறகு பேசுங்கள்.

கே: ஒப்புதல் படிவத்தில் பிள்ளை கையெழுத்துப் போட்டால் போதாதா?
– மதுரை வாசகி

ப: தெளிவாக இருப்பவருக்கு அவர் கையெழுத்துதான் செல்லும். மயக்க மருந்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த சம்மதம் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாததால், அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும். பெற்றவளுக்கே இல்லாத உரிமை பிள்ளைக்கு ஏது?

கே: புற்றுநோய் என்று சொன்னால் அப்பா உடைந்துபோவாரே?
– நாகர்கோவில் வாசகர்

ப: வாசலில் நின்று டாக்டரிடம் நீங்கள் கிசுகிசுப்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று டாக்டர் அவரையே கேட்கட்டும். "எல்லாத்தையும் என் பையன்கிட்ட சொல்லிடுங்க" என்று அவரே சொன்னால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

கே: மறதி நோய் வந்தவரிடம் எதைக் கேட்பது?
– சேலம் வாசகி

ப: வீட்டுப் பத்திரம் புரியாதவருக்கும் ஊசியா, மாத்திரையா என்று சொல்லத் தெரியலாம். கண்ணாடியும் காது மெஷினும் மாட்டிவிட்டு, அவர் தெளிவாக இருக்கும் வேளையில், ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒருவருடைய முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்.

கே: கடைசிக் கட்டத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதி வைக்கலாமா?
– கோவை வாசகர்

ப: தாராளமாக. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையையும் எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி, மாஜிஸ்ட்ரேட்டிடம் போக வேண்டாம். உங்களுக்காகப் பேசப்போகிறவரின் பெயரையும் எழுதுங்கள். பீரோவில் பூட்டாமல் அவரிடமும் டாக்டரிடமும் நகல் கொடுங்கள்.

கே: எனக்கு 78 வயது. டாக்டர் என் மகளைப் பார்த்தே பேசுகிறார். என்ன செய்யட்டும்?
– தஞ்சாவூர் வாசகி

ப: "டாக்டர், என்கிட்ட சொல்லுங்க, மக எழுதிக்குவா" என்று சொல்லுங்கள் அம்மா. பிறகு மூன்று கேள்வி: இதனால் எனக்கு என்ன நன்மை, என்ன கெடுதல், செய்யாவிட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் புரியும்படி பதில் வந்த பிறகு பேனாவை எடுங்கள்.